சிற்றில் பருவத்தின் மறுப்புமொழியும் குழந்தையின் நன்னம்பிக்கையும்

நேர்மறைக் குழந்தை வளர்ப்பு என்பது குழந்தையை இடையறாது பாராட்டுவதே என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது பொருந்தாது. குழந்தையை மறுக்கவும் கடியவும் நேரும்போது பெற்றோர் ஆளும் மொழியும் அதன் நன்னம்பிக்கையை ஆக்கவோ சிதைக்கவோ வல்லது. இதனைப் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், குழந்தைகளின் நன்னம்பிக்கை குறித்து 1995இல் வெளியிட்ட நூலில், நேர்ந்த தீங்கிற்கு ஒருவர் காரணம் கற்பித்துக்கொள்ளும் முறையை முதன்மைப்படுத்துகிறார். அதனை 'விளக்கப் பாங்கு' எனலாம். காரணம் நிலையானதா தற்காலிகமானதா, வாழ்வு முழுவதையும் தழுவியதா ஒரு செயலளவில் நிற்பதா, தன்னால் நேர்ந்ததா பிறவற்றால் நேர்ந்ததா என்பன அதன் கூறுகள். பெரியோர் கடிந்துரைக்கும் முறையிலிருந்தும் குழந்தை இப்பாங்கினைக் கற்கிறது. காவிரியின் வடகரையில் வாழை விளையும் தொட்டியத்தில், ஒரு சிறுவன் விளையாட்டில் வாழைக்கன்றை மிதித்துவிட்டான் எனக் கொள்வோம். "கன்றை மிதித்துவிட்டாய், வரப்பில் நட" என்பது திருத்திக்கொள்ளத்தக்க ஒரு செயலைச் சுட்டுகிறது. "நீ எதையும் உருப்பட விடமாட்டாய்" என்பதோ அவன் இயல்பின்மீது எழுதப்படும் தீர்ப்பு. நம் வீடுகளில் இரண்டாவதே எளிதாக நாவில் வருகிறது.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக எனக் குழந்தையை விளித்து வேண்டும் பருவங்களுக்கிடையே, 'செய்யற்க' என வேண்டுவது சிற்றில் ஒன்றே. மணல்வீட்டைக் காலால் அழிக்க வரும் பாட்டுடைத்தலைவனிடம் சிறுமியர் முறையிடுகின்றனர். பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கியமாக வளர்வதற்கு முன்பே, ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இரண்டாம் பதிகம் இச்சூழலைப் பாடியுள்ளது. அங்குச் சிறுமியர் தாம் பாடுபட்டுக் கட்டியதை எடுத்துரைத்து, அழிப்பதால் தமக்கு நேரும் வருத்தத்தை உணர்த்துகின்றனர். குறை கூறும் வாயே கண்ணனின் பெருமையையும் கூறுகிறது. திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்து தமிழ் வளர்த்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ்வரை இப்பருவ மரபு தொடர்ந்தது. செயல் மறுக்கப்படுகிறது, குழந்தையின் மதிப்பு குறைக்கப்படுவதில்லை.

அச்சுறுத்தல் இவ்விலக்கியத்தில் அறவே இல்லை என்பதற்கில்லை. அம்புலிப் பருவத்தில் சாமம், தானம், பேதம் ஆகியவற்றுக்குப் பின் தண்டமும் வரும்; அது நிலவை நோக்கியது, குழந்தையை நோக்கியதன்று.

எனினும் புலவர்கள் வளர்ப்பு நெறி வகுக்கவே பாடினர் எனக் கொள்வது மிகையாகும். பாட்டுடைத்தலைவன் தெய்வமாகவோ பெருமகனாகவோ இருப்பதால் புகழ்ச்சி அங்கு மரபின் தேவை. மேலும், சிறுமியர்க்குத் தலைவனை ஒறுக்கும் ஆற்றல் இல்லை. இரப்பதன்றி அவர்க்கு வேறு வழியில்லை. தாய்தந்தையர்க்கோ அவ்வாற்றல் உண்டு. அதனைக் கையில் வைத்துக்கொண்டே சிறுமியரின் மொழியைத் தேர்வதுதான் கடினம்.