காற்றழுத்தத்தை வைத்து மலை உயரத்தை அளப்பது எப்படி?

கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போனால், வழியிலேயே காது அடைக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதே காரணம்.

எப்படிக் குறைகிறது? கீழேயுள்ள காற்று, தன்மேல் உள்ள காற்றின் எடையால் நெருக்கப்பட்டு அடர்ந்திருக்கும். மேலே அடர்த்தி குறைவு. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரே அளவு குறையாது. ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். அடிவாரத்தில் அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) என்றால், முதல் கிலோமீட்டரில் 890 ஆகும். அடுத்த கிலோமீட்டரில் 792. இப்படி ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்கப்படுவதுதான் அடுக்குக்குறிச் சார்பு.

இப்போது கேள்வியைத் திருப்புவோம். அழுத்தம் தெரியும், உயரம் என்ன? ஏற ஏற அழுத்தம் குறைந்துகொண்டே போவதால், ஓர் அழுத்தத்துக்கு ஓர் உயரம்தான் பொருந்தும். அதனால் நேர்மாறு சார்பு உண்டு. அதுவே மடக்கை. 1686இல் வானியலாளர் எட்மண்ட் ஹேலி இந்தக் கணக்கை மடக்கையால் எழுதிக்காட்டினார்.

உயர வேறுபாடு = 8.5 கி.மீ. × இயல் மடக்கை (கீழ் அழுத்தம் ÷ மேல் அழுத்தம்). இதில் 8.5 என்பது மேலே சொன்ன 11 சதவீதக் குறைவிலிருந்து வரும் எண்.

அடிவாரத்தில் 1,000, மேலே 920 என்று வைத்துக்கொள்வோம். 1,000 ÷ 920இன் இயல் மடக்கை சுமார் 0.083. எனவே ஏறிய உயரம் சுமார் 700 மீட்டர். அழுத்த உணரி உள்ள கைபேசிகளும் இப்படித்தான் கணக்கிடுகின்றன.

ஓர் எச்சரிக்கை: மழை மேகம் திரண்டு அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே விடை சுமார் 9 மீட்டர் பிசகும். அடிவாரத்திலும் மேலேயும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.