அருவியில் குளித்தால் இரத்தக் கொதிப்பு இறங்குமா?



ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும். "நாலு நாள் பேரருவியில தலையக் காட்டினா கொதிப்பெல்லாம் தன்னால இறங்கிரும், மாத்திரை எதுக்கு?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

தவறு பெயரிலேயே இருக்கிறது. கொதிப்பு என்று சொல்லிச் சொல்லி, இரத்தம் உலைத் தண்ணீர் போலச் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் குழாய் விறைத்துக்கொள்கிறது அல்லவா? அதுபோல, இரத்தக் குழாய்கள் இறுகினாலும், உப்பு மிகுந்து உடம்பில் நீர் தங்கினாலும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவே உயர் இரத்த அழுத்தம். குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே விழுந்தால் குழாய்கள் சுருங்கும். அழுத்தம் சற்று நேரம் ஏறத்தான் செய்யும். ஆகவே அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் அருவிக்கு நேராகப் போய் நிற்க வேண்டாம்.

"எனக்குத் தலைவலி, மயக்கம் ஒண்ணுமே இல்லியே" என்பீர்கள். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்குப் பக்கவாதமோ மாரடைப்போதான் முதல் அறிகுறி.

இனி உப்பு. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் பெரியவர்கள் 4 பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? கருவாடு, ஊறுகாய், அப்பளம், குற்றாலக் கடைகளில் வாங்கும் நேந்திரங்காய் சிப்ஸ் இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இந்துப்பு என்றாலும் உப்பு உப்புதான். சமையல் பெண்கள் கையில் இருக்கலாம். "உப்பு பத்தல" என்று தட்டைத் தள்ளுவது யார்? வாரம் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் நாக்கு தானே பழகிவிடும்.

பீடி, சிகரெட், மது மூன்றும் ஆகாது. வயலில் உழைப்பவர்களைவிட, முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்குத்தான் நடை மிகவும் அவசியம். தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும்.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதைக் கவனிக்க வேண்டும். மாலா-என் போன்ற மாத்திரைகள் சில பெண்களுக்கு அழுத்தத்தை ஏற்றும். ஆரம்பிக்கும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்களுக்குக் காப்பர்-டி, நிரோத் இருக்கின்றன. போதிய குழந்தைகள் உள்ளவர்கள் ஆண்களுக்கான வாசக்டமி செய்துகொள்ளலாம். கணவன்மார் இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், சில மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. ஐந்து மாதத்துக்கு மேல் முகம் வீங்கினாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிப்பு வந்து தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் போய்க் கையை நீட்டுங்கள். டீ குடித்த உடனே வேண்டாம்; ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் அளக்கச் சொல்லுங்கள்.