ஒரு தொகுதிக்குள் முத்தமிழ்

பத்தாந் தரத்திற் புகும் மாணாக்கர் கையில் ஒவ்வோராண்டும் பாடத்தெரிவுத் தாள் ஒன்று கொடுக்கப்படுகின்றது. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சைக்கு ஒருவர் ஒன்பது பாடங்களை எடுப்பது வழக்கம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லார்க்கும் பொது. எஞ்சிய மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாகத் தெரியப்படுவன. இவற்றுள் இரண்டாந் தொகுதியே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். சித்திரம், நடனம், கர்நாடக சங்கீதம், மேலைத்தேய சங்கீதம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் என்பனவெல்லாம் அத்தொகுதியின் உள்ளே நிற்கின்றன. பெற்றோர் தாளைப் பார்த்து ஒன்றன் எதிரே அடையாளமிட்டுக் கையொப்பம் வைத்துத் திருப்பி அனுப்புவர். காரியம் முடிந்தது.

இயல், இசை, நாடகம் என மூன்றாய் வகுத்து, மூன்றுஞ் சேர்ந்ததே தமிழ் என்று நம் முன்னோர் கொண்டனர். அம்மூன்றும் இங்கே ஒரே தொகுதிக்குள் அடுத்தடுத்து நிற்பதைக் காண முதலில் மகிழ்ச்சியே தோன்றும். ஆயின், மூன்றையும் ஒன்றாக வைத்தது மூன்றையுங் கற்பிப்பதற்கன்று. மூன்றில் இரண்டை விலக்குவதற்கு. இசையைத் தெரிந்தவர் இலக்கிய நயத்தை இழப்பர். இலக்கியத்தைத் தெரிந்தவர் இசையை இழப்பர். நாடகத்தைத் தெரிந்தவர்க்கு மற்றை இரண்டும் இல்லை. இதனை வகுத்தோர் தீய நோக்கம் உடையவரல்லர். சுவைத்து மகிழ்தற்குரியன யாவும் ஓரினம் என்று கருதினர். ஓரினத்தில் ஒன்று போதும் என்றுங் கருதினர். பாடவேளை நாற்பது நிமிடம், ஆசிரியர் தொகை இத்துணை, மண்டபங்கள் இத்துணை என்று கணக்கிடுவோர்க்கு இஃது இயல்பான முடிவே. தமிழிற்கு இஃது இயல்பான முடிவன்று என்பதே நம் கருத்து.

சங்கீத வகுப்பில் ஒரு பிள்ளை கற்பது யாதென்று சிறிது நோக்குவோம். தொடக்கத்தில் சரளி வரிசை; பின்னர் சண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம்; அவற்றின் மேல் கீதம், சுரசதி, வர்ணம், கீர்த்தனை. இவ்வரிசைகளைப் பயிலும் இராகம் மாயாமாளவகௌளை. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் அது பதினைந்தாவது. தொடக்கப் பயிற்சிக்கு அவ்விராகத்தை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இம்மட்டும் சங்கீத ஆசிரியர் கூறுவர். இனி, ஓதுவார் மரபில் இந்தளம் என்னும் பண் பாடப்படுவதும் அதே மாயாமாளவகௌளையில் என்பதைச் சொல்லவேண்டியவர் யார்? திருஞானசம்பந்தர் அருளிய இரண்டாந் திருமுறை தொடங்குவதே இந்தளத்திலேதான். ஆகவே, சரளி வரிசை பாடத் தெரிந்த சிறுமிக்கு இரண்டாந் திருமுறையின் வாயில் முன்னரே திறந்திருக்கின்றது. அவ்வாயிலை அவளுக்குக் காட்டுவாரில்லை. சங்கீத ஆசிரியர் திருமுறை தமக்குரிய பாடமன்று என்பர். சமய ஆசிரியர் இராகம் தமக்குரியதன்று என்பர். தமிழாசிரியராகிய நாமோ சொல்லையும் பொருளையும் விளக்கிவிட்டு மணியடித்ததும் வெளியே செல்கின்றோம்.

இவ்வாறே தக்கேசியைக் காம்போதியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், கௌசிகத்தைப் பைரவியிலும் பாடுவது ஓதுவார் வழக்கு. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகும். தாலாட்டில் அவ்விராகத்தைக் கேட்டு உறங்காத பிள்ளை எங்கள் ஊர்களில் அரிது. திருமுறைப் பதிப்புக்களில் ஒவ்வொரு பதிகத்தின் தலைப்பிலும் பண்ணின் பெயர் அச்சிடப்பட்டிருக்கின்றது. மாணாக்கர் அதனை ஊர்ப்பெயர் போல வாசித்துக் கடந்துபோவர். பாடுதற்கென்றே எழுந்த நூலொன்று, வாசிப்பதற்குரிய நூலாகச் சுருங்கிவிட்டது.

சிலப்பதிகாரத்தின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, அவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரை இடுகின்றாள். அவ்வெழுவரும் நிற்கும் நிலையே ஒரு சுர மண்டலம். இதனை இலக்கிய வகுப்பிலே கரும்பலகையில் வட்டம் வரைந்து விளக்கலாம், விளக்கியும் இருக்கின்றோம். ஆயினும், குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவைக் காது அறியாத மாணாக்கனுக்கு அது வெறும் பெயர்ப்பட்டியலே. சங்கீதம் பயின்ற பிள்ளையோ, ஆதார சட்சமத்தையும் பஞ்சமத்தையும் சுருதிப்பெட்டியிலே நாள்தோறும் கேட்கின்றது. குரலைச் சட்சமமாகவே கொள்ளுதல் வேண்டுமா, வேறொன்றாகக் கொள்ளுதல் வேண்டுமா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்தவரல்லர். அவ்விவாதமும் காது உடையவர்க்கன்றோ சுவை தரும்? அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனப் பலரை நிரல்பட நிறுத்தி, அவரவர்க்குரிய தகுதியைக் கூறுகின்றார். அப்பகுதியை இசையறியாத தமிழாசிரியன் கற்பிக்கும்போது உரையாசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கின்றான். கற்போருட் பாதிப்பேர் அடுத்த மண்டபத்திலே பாடிக்கொண்டிருக்கின்றனர்.

சில ஆண்டுகளின் முன்னர், வயலின் பயிலும் மாணாக்கி ஒருத்தி எம்மிடம் வந்து, "ஐயா, நான் சங்கீதந்தான் எடுத்திருக்கிறன். இலக்கிய வகுப்பிலே பின்வாங்கிலே இருந்து கேட்கலாமோ?" என்றாள். "பிள்ளை, அந்த நேரம் உமக்குச் சங்கீத வகுப்பல்லோ?" என்றோம். நேரசூசியை அவள் அறியாதவளல்லள். அறிந்தும் வந்து கேட்டாள் என்பதே குறிப்பிடத்தக்கது.

இத்தெரிவைப் பிள்ளைகள் செய்கின்றனர் என்று சொல்வதும் முழுமையான உண்மையன்று. எந்தப் பாடத்தில் 'ஏ' சித்தி எளிது என்று பெற்றோர் அயல்வீட்டாரை உசாவுகின்றனர். சங்கீத ஆசிரியர் இல்லாத சிறு பாடசாலைகளில் தெரிவென்பது தாளில் மட்டுமே உண்டு. உள்ள ஆசிரியர் எதனைக் கற்பிப்பாரோ அதுவே அங்கு விருப்பப் பாடம். ஆண்பிள்ளைகள் பாட வெட்கப்பட்டுச் சித்திரத்தின் பக்கம் செல்வதையும் கண்டிருக்கின்றோம். தெட்சணாமூர்த்தியின் தவிலையும் பத்மநாதனின் நாதசுரத்தையும் கேட்டு வளர்ந்த ஊரிலே இந்த வெட்கம் எங்கிருந்து வந்ததோ அறியோம்.

இசைக்குரிய பரீட்சை ஏனையவற்றினும் வேறானது. எழுத்துப் பரீட்சை முடிந்த பின்னர்ச் செய்முறைப் பரீட்சையும் உண்டு; பரீட்சகர் முன்னிலையிலே பிள்ளை பாடிக் காட்டுதல் வேண்டும். 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பெறுபேறுகள் 2021 செப்டெம்பரில் வெளிவந்தபோது அழகியற் பாடங்களின் பெறுபேறுகள் மட்டும் அவற்றோடு வெளிவரவில்லை. கொள்ளைநோய் காரணமாகச் செய்முறைப் பரீட்சை நடைபெறாமையே காரணம். கணிதத்தை வீட்டிலிருந்தே கற்கலாம், விஞ்ஞானத்தைத் தொலைபேசித் திரையிலே பார்க்கலாம் என்று சமாதானம் செய்துகொண்ட காலத்தில், இசை ஒன்று மட்டும் ஆசிரியனும் மாணாக்கனும் எதிரெதிரே அமர்ந்தாலன்றி ஆகாதென்பதை அந்த வெறுங்கட்டம் சொல்லிற்று.

சாதாரண தரத்தின் பின்னர் வழி இன்னும் ஒடுங்குகின்றது. உயர்தரத்தில் சங்கீதம் கலைத்துறையைச் சார்ந்த பாடம். உயிரியலோ பௌதிக விஞ்ஞானமோ கற்கப்புகும் பிள்ளைக்கு அதனைத் தெரியும் உரிமையே இல்லை. பத்தாண்டு பாடிய குரல் பதினோராந் தரத்தோடு பாடசாலையில் அடங்கிவிடும். இங்கே விபுலானந்த அடிகளை நினையாதிருத்தல் இயலாது. காரைதீவிலே 1892இற் பிறந்த அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருங்கூட. இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடியமையாலன்றோ யாழ்நூல் பிறந்தது! நரம்புகளின் நீளத்தையும் அலகுகளையும் கணிதத்தால் அளந்து, சிலப்பதிகாரச் சொற்களுக்கு ஒலியைத் தேடிய நூல் அது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே ஆசிரியர் மறைந்தார். அவர் இன்று பதினாறு வயது மாணாக்கராயின் விஞ்ஞானம், இலக்கியம், இசை மூன்றையும் பாடசாலையிலே தொடர முடியாது.

பாடசாலைக்கு வெளியே வழியுண்டே என்பாரும் உளர். உண்டு. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகளை நடத்தி, ஆசிரியர் தரத்திற் சித்தியெய்தியோர்க்குக் கலாவித்தகர் பட்டம் அளித்து வருகின்றது. மருதனார்மடத்தில் 1960இல் எழுந்த இராமநாதன் இசைக்கல்லூரியில் மகாராஜபுரம் சந்தானம் போன்றோர் அதிபராயிருந்து கற்பித்தனர். அது பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் 1982இல் நிறுவப்பட்ட விபுலானந்த இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளது. இவற்றின் தொண்டு பெரிது. ஆயின் பல்கலைக்கழகத்தை அடைவதற்கு முன் ஒரு பிள்ளை எங்கேனும் தொடங்குதல் வேண்டும். வீட்டுக்கு ஆசிரியரை வருவித்துக் கட்டணம் கொடுக்க வல்லார்க்குத் தனிவகுப்பு உண்டு. கூலி செய்து பிழைப்பார் வீட்டுப் பிள்ளைக்குச் சுருதிப்பெட்டியின் ஒலி கேட்பது பாடசாலையில் மட்டுமே. ஆகவே, இத்தொகுதியைப் பற்றிய வழக்கு அழகுணர்ச்சியைப் பற்றியது மட்டுமன்று.

சங்கீதப் பாடத்தின் உள்ளும் தமிழாசிரியன் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. பொருள் அறியாமல் தெலுங்குக் கீர்த்தனைகளை மனனஞ் செய்யும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்த காலத்து வாதப் பிரதிவாதங்களை மீண்டும் கிளப்புதல் நம் நோக்கமன்று. தியாகராசரின் கீர்த்தனையை விலக்குக என்று கூறுவோர் பக்கம் நாம் நில்லோம். அவர் என்ன சொல்லி உருகினார் என்பதைப் பாடும் பிள்ளைக்குச் சொல்லுக என்பதே வேண்டுகோள். பொருள் தெரியாத சொல்லை எங்கே பிரித்துப் பாடுவது என்பதும் தெரியாது. சொல் முறிந்தால் பாவமும் முறியும்.

கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எங்கும் நிகழும் இக்காலத்தில், பெரிய செலவில்லாத ஒரு மாற்றத்தை முன்வைக்கலாம். தமிழ் இலக்கிய நயத்தை இரண்டாந் தொகுதியிலிருந்து எடுத்து, புவியியலும் குடியியலும் நிற்கும் முதலாந் தொகுதியில் வைத்தல் வேண்டும். அதனால் புதிய ஆசிரியர் வேண்டா. புதிய நூலும் வேண்டா. இசையோ நாடகமோ பயில்வோர் இலக்கியத்தையும் பயிலலாம். வணிகக் கல்வியை நாடுவோர் இம்மாற்றத்தால் இலக்கியத்தை இழப்பரே என்ற தடை எழும். அது நியாயமான தடையே. அதற்காகவே இரு தொகுதியிலும் அப்பாடத்தை வைத்து, எதிலேனும் ஒன்றில் எடுக்க விடலாம் என்கின்றோம். நேரசூசி அமைப்போர்க்கு இது தலைவலி தரும் என்பதையும் அறிவோம்.

அதுவரை, அதிபர்களின் அனுமதியோடு இன்றே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. தவணைக்கு இரண்டு பாடவேளைகளில் சங்கீத வகுப்பையும் இலக்கிய வகுப்பையும் ஒரே மண்டபத்தில் அமர்த்துதல் வேண்டும். ஏழு பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும். ஒவ்வொருவரும் தத்தம் சுரத்தைப் பாடட்டும். தமிழாசிரியர் காப்பியத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சுரம் எங்கே நிற்கின்றது என்று சொல்லட்டும். சுருதிப்பெட்டியைச் சங்கீத ஆசிரியர் கொண்டுவருவார்.