மேலட்டையும் பாயிர மரபும்

நூலின் பாயிரத்திற்கு நன்னூலார் ஏழு பெயர் கூறுகின்றார். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்பன அவை. இவற்றுள் புறவுரை, புனைந்துரை என்னும் இரண்டும் ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியன. நூலுக்குப் புறத்தே நிற்றல், நூலைப் புனைந்து காட்டல் என்னும் இவ்விரு பண்புகளும் இக்கால அச்சுநூலின் மேலட்டைக்கு முற்றும் பொருந்துகின்றன. மாடத்துக்கு ஓவியமும் மாநகர்க்குக் கோபுரமும் போல நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்று அவ்வாசிரியர் உவமை காட்டுமிடத்தைப் படிக்கும்போது, புத்தகக் கடைத் தெருவொன்றை அவர் கண்டிருந்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. கோபுரம் ஊருக்குள் இருப்பவனுக்கு மட்டும் எழுந்ததன்று; தொலைவில் வருபவனுக்கும் ஊரை அறிவிப்பது அது.

சிறப்புப் பாயிரம் உணர்த்தும் எட்டனுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர் என்னும் இரண்டையும் மேலட்டை வெளிப்படையாகவே கூறுகிறது. வழி, எல்லை, யாப்பு முதலியவற்றை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. எஞ்சிய நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பவற்றுள் எதனைக் கூறுகிறது என்பதே வினா. பொருளைக் கூறுகிறது என்பதே பலரும் சொல்லும் விடை. அவ்விடை பொருந்தாது என்பதும், மேலட்டையின் தலையாய தொழில் கேட்போர் இன்னார் என அறிவித்தலே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. பாயிரம் கேட்பவன் நூலைக் கற்க வந்து அமர்ந்துவிட்டவன். மேலட்டையைக் காண்பவனோ இன்னும் வாராதவன். ‘இஃது எனக்குரிய நூலா?’ என்பதே அவன் முதலில் வினவுவது.

ஐரோப்பாவில் நூலின் மேலுறை விளம்பரத்திற்காகத் தோன்றியதன்று, காப்புக்காகத் தோன்றியது. பட்டாலும் தோலாலும் கட்டிய பரிசு நூல்கள் கடையில் அழுக்குறாதபடி அவற்றைத் தாளிற் பொதிந்து வைத்தனர். 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆங்கில நூலொன்றின் உறை, நூலினின்றும் பிரிந்த நிலையில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருந்தமை 2009-இல் அறிவிக்கப்பட்டது. இதுகாறும் கிடைத்துள்ள மிகப் பழைய உறைகளுள் அஃது ஒன்று. வாங்கியவர் அவ்வுறையைக் கிழித்தெறிந்துவிட்டு நூலைப் படிப்பதே வழக்கமாதலின், எஞ்சியவை மிகச் சில.

உறையும் அட்டையும் பேசத் தொடங்கிய வரலாற்றில் நின்று ஆராயத்தக்கது இங்கிலாந்துப் பெங்குவின் பதிப்பகத்தின் செயலாகும். 1935-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் ஆலன் லேன் என்பார் பத்து நூல்களை ஒருசேர வெளியிட்டார். அவை தாளட்டை நூல்கள். ஒவ்வொன்றின் விலையும் 6 பென்சு. அக்காலத்தில் புதிய நாவல் ஒன்று கெட்டி அட்டையுடன் 7 சில்லிங்கு 6 பென்சுக்கு, அஃதாவது பதினைந்து மடங்கு விலைக்கு, விற்றது. தாளட்டை நூல் அதற்கு முன்பும் உண்டு. ஆயின் மலிவு நூல் என்றால் கண்ணைப் பறிக்கும் படமும் தரங்குறைந்த கதையும் என்ற எண்ணம் மக்களிடம் ஊன்றியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றும் பொறுப்பு அட்டையின் மேல் விழுந்தது.

லேன் செய்தது படத்தை அடியோடு நீக்கியமையே. அட்டை குறுக்காக மூன்று பட்டைகளாகப் பகுக்கப்பட்டது. மேலும் கீழும் வண்ணப் பட்டைகள், நடுவில் வெண்பட்டை. வெண்பட்டையில் கில் சான்ஸ் என்னும் எளிய அச்செழுத்தில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும். கீழே ஒரு பறவை. அப்பறவையை வரைவதற்காக அலுவலகத்தின் இளம் ஊழியரான எட்வர்டு யங் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டார். வண்ணம் நூலின் வகையை உணர்த்திற்று. செம்மஞ்சள் நாவலுக்கு, பச்சை துப்பறியும் கதைக்கு, கருநீலம் வாழ்க்கை வரலாற்றுக்கு. முதற் பத்து நூல்களுள் ஆறு செம்மஞ்சள், இரண்டு பச்சை, இரண்டு நீலம். எமிங்வேயின் போர்க்கால நாவலும் மேரி வெப் எழுதிய நாட்டுப்புற நாவலும் ஒரே செம்மஞ்சள் அட்டை தாங்கி வந்தன. கதை யாது, களம் யாது என்பது பற்றி அட்டையின் முகப்பில் ஒரு சொல்லும் இல்லை. நுதலிய பொருளை இவ்வட்டை கூறவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வண்ண முறை முழுவதும் லேன் கண்டதும் அன்று. 1932 முதல் ஐரோப்பாவில் ஆங்கில நூல்களை வெளியிட்ட அல்பட்ராசு என்னும் பதிப்பகம் அதனை முன்னரே கையாண்டது. அதுவும் பறவைப் பெயரே.

புத்தக வணிகர் பலர் இம்முயற்சியை ஐயுற்றனர். நிலையை மாற்றியது உல்வொர்த்து என்னும் பலசரக்குக் கடை நிறுவனம் கேட்டனுப்பிய 63,500 படிகளே. ஆறு பென்சுக்கு மேற்பட்ட பொருளை விற்காத கடை அது. சீப்பும் நூற்கண்டும் வாங்க வந்தோர் கண்ணில், விலையாற் கடைச்சரக்காகவும் தோற்றத்தால் நூலகப் பொருளாகவும் இவ்வட்டைகள் பட்டன. ‘நீ பள்ளியில் மிகுதியும் படித்தவனல்லையாயினும் இது நினக்குரியது’ என்று அவ்வட்டை சொல்லாமற் சொல்லிற்று. கேட்போரை வகுத்தல் என்பது கேட்போரைக் குறுக்குதலே என்று நாம் பொதுவாகக் கொள்கிறோம். ஈண்டு அஃது அவரைப் பெருக்கியது. அடுத்த 1937-இல் அறிவு நூல்களுக்கெனத் தோன்றிய பெலிக்கன் வரிசை வெளிர்நீல அட்டையுடன் வந்தது. அவ்வரிசையின் பதிப்பாசிரியராக முதற்கண் அமைந்தவருள் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வி. கே. கிருட்டிணமேனனும் ஒருவர் என்பது நம்மனோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

படிப்போர் இதனை ஏற்ற முறையும் நோக்கற்குரியது. ஆசிரியர் பெயரைச் சொல்லாது ‘ஒரு பெங்குவின்’ என்றே கேட்டு வாங்கும் பழக்கம் தோன்றிற்று. வரிசை எண் கொண்டு அடுக்கி வைத்தோரும் வண்ணம் கொண்டு பிரித்து வைத்தோரும் இருந்தனர்; 1974-இல் அந்நூல்களைத் தொகுப்போர்க்கெனத் தனிக் கழகமே அமைந்தது. ஆசிரியனுக்கு உரிய நம்பிக்கை பதிப்பகத்துக்குச் சென்றுவிட்டது என்று இதனைக் குறை கூறலாம். அக்குறையில் உண்மையும் உண்டு.

1947 முதல் 1949 வரை அங்குப் பணிசெய்த செருமானிய அச்சுக்கலை வல்லுநர் யான் சிகோல்டு, பறவையைத் திருத்தி வரைந்தார். எழுத்துகளின் இடைவெளியைச் சீர்செய்தார். அச்சுக் கோப்போர்க்கு விதிகள் எழுதினார். மூன்று பட்டைகளை மட்டும் அவர் நீக்கவில்லை.

இனி மறுதலையை நோக்குவோம். 1939-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெங்குவின் கிளை, நாளிதழ்க் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் நூல் விற்க வேண்டியிருந்தது. அங்கு வார இதழ்களின் வண்ணப் படங்களுக்கு நடுவே மூன்று பட்டைகள் எடுபடவில்லை. கிளையை நடத்தியோர் படம் வரைந்த அட்டைகளைக் கொண்டனர். லேன் அதனை வெறுத்தார். பிணக்கு முற்றி, 1948-இல் அக்கிளை பிரிந்து வேறொரு நிறுவனமாயிற்று. வியப்பு யாதெனின், அதன் தலைவருள் ஒருவரான கர்ட்டு ஈனோக்கு, முன்னர்ப் படமற்ற வண்ண அட்டை கண்ட அல்பட்ராசு பதிப்பகத்தை நிறுவியோருள் ஒருவர். ஆகவே இஃது ஒருவரது சுவை பற்றிய வேறுபாடன்று. நூல் விற்கும் இடம் பற்றியது. கேட்போர் எங்கு நிற்கின்றனர் என்பது பற்றியது.

படம் வந்ததும் அட்டை நுதலிய பொருளைப் பேசத் தொடங்கியது. ஆசிரியர்க்கும் பதிப்பாளர்க்கும் பூசலும் தொடங்கியது. சாலிஞ்சரின் புகழ்பெற்ற நாவலை மேற்கூறிய அமெரிக்க நிறுவனம் 1953-இல் தாளட்டைப் பதிப்பாக வெளியிட்டபோது, கதைத் தலைவனாகிய இளைஞனைச் சிவப்புத் தொப்பியுடன் அட்டையில் வரைந்தது. ஆசிரியர்க்கு அஃது உவப்பாக இல்லை. 1964-இல் வேறொரு பதிப்பகத்தின் வாயிலாக வந்த பதிப்பில், செம்பழுப்பு அட்டையின்மேல் நூற்பெயரும் ஆசிரியர் பெயருமே இருந்தன. தன் தலைவன் முகத்தைப் படிப்பவன் தானே காண வேண்டும் என்பது அவர் உள்ளம் போலும்.

இதனினும் ஆழ்ந்தது காவ்கா எழுப்பிய தடை. மனிதன் ஒருவன் பூச்சியாக மாறிய கதையை 1915-இல் அச்சிடுங்கால், ஓவியர் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று அவர் அஞ்சினார். தொலைவிலிருந்து காட்டுவதுபோலக்கூட அதனை வரையலாகாது என்று பதிப்பாளர்க்கு எழுதினார். ஓவியர் ஒட்டோமார் சுடார்க்கே வரைந்த அட்டையில் பூச்சி இல்லை. இருள் சூழ்ந்த அறைக்குச் செல்லும் கதவு திறந்திருக்க, அதனின்றும் திரும்பிக் கைகளால் முகம் பொத்தி நிற்கும் ஒருவனே உள்ளான். அப்பூச்சி இன்ன உருவினது என்று கதை முழுதும் தெளிவுற உரையாத ஆசிரியர், அட்டை அதனை உரைத்துவிட்டால் நூலே கெடும் என உணர்ந்தார். பிற்காலப் பதிப்புகள் பல அவர் வேண்டுகோளைப் பொருட்படுத்தாது பூச்சியை வரைந்தே வெளிவந்தன. பாயிரம் நூலின்பாற்பட்டதை மட்டுமே கூறலாம். நூல் கூறாது விட்டதைக் கூறுமாயின் அது பாயிரமன்று, உரை. அதுவும் பிழையுரை.

எதிர்மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. பிட்செரால்டு எழுதி 1925-இல் வெளிவந்த நாவலுக்குப் பிரான்சிசு குகாட்டு வரைந்த உறை, நூல் முற்றுப்பெறுமுன்பே ஆயத்தமாயிற்று. அப்படத்தை வேறு எந்நூலுக்கும் கொடுத்துவிடலாகாது, அதனை நூலினுள் எழுதிச் சேர்த்துவிட்டேன் என்று ஆசிரியர் பதிப்பகத்தார்க்கு எழுதினார். நீல வானில் மிதக்கும் கண்களும் இதழும் கொண்டது அவ்வோவியம். பின்னாளில் அந்நூலைப் பெற்ற எமிங்வே, உறையின் தோற்றம் கண்டு கூசி, அதனைக் கழற்றிவிட்டே நூலைப் படித்ததாகத் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். ஆசிரியன் தன் நூலுக்குள் ஏற்றுக்கொண்ட ஓவியத்தை அவன் நண்பன் வெளியே எறிந்தான். மேலட்டை பற்றிப் படிப்போர் கொள்ளும் கருத்து ஒருபடித்தாக இராது என்பதற்கு இஃதொன்று போதும்.

படம் நீக்கிப் புகழ்பெற்ற பெங்குவினும் ஈற்றில் படத்துக்கு இடங்கொடுத்தது. 1957-ஐ ஒட்டி ஒருமுறை முயன்று கைவிட்டு, 1961-இல் மீண்டும் முனைந்தது. அவ்வாண்டு ரோமெக்கு மார்பர் அமைத்த துப்பறியும் நூலட்டைகளில் மேற்பகுதி எழுத்துக்கும் எஞ்சிய பெரும்பகுதி படத்துக்கும் ஒதுக்கப்பட்டன. பச்சை வண்ணம் மட்டும் நிலைபெற்றது. கேட்போர்க்குரிய குறியைக் காத்துக்கொண்டு பொருட்குரிய படத்தைச் சேர்த்த இம்முறையே, எம் கருத்தில், இவ்வரலாற்றின் சிறந்த தீர்வு.

தமிழ் நூல்களை நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுநூல்களில் சிறப்புப் பாயிரப் பணியைச் செய்தது முகப்பேடு. நூற்பெயர், இயற்றியவர், அவர் ஆசிரியர், பரிசோதித்தவர், அச்சுக்கூடம், ஆண்டு எனப் பலவும் அதன்கண் நிரல்பட நிற்கும். அடுத்து வரும் சாற்றுக்கவிகள், இக்கால நூல்களின் பின்னட்டைப் பாராட்டுரைகளுக்கு மூத்தவை. நூலாசிரியன் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்றும், அவன் ஆசிரியனோ உடன்கற்றோனோ மாணாக்கனோ உரைகாரனோ பாயிரம் செய்தல் வேண்டும் என்றும் நன்னூல் வரையறுத்தது. விற்பவனே பாயிரம் செய்யலாம் என்பதை அவ்விலக்கணம் எண்ணியதில்லை. குசிலிக் கடைச் சிறுநூல்களின் அட்டையோ முற்றிலும் விற்பவன் பாயிரம். வண்ணத்தாளில் படமும் பெரிய எழுத்தும் கொண்டு சந்தைக்கு வந்தோரை விளித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர் ஆதிமூலம் (1938–2008) வரைந்த கோட்டோவிய அட்டைகளும் கையெழுத்துத் தலைப்புகளும், இது புதிய இலக்கியம் நாடுவோர்க்குரியது என்பதைத் தொலைவிலேயே உணர்த்தின.

இவற்றை ஆராயப் புகும் மாணவர்க்குப் பெருந்தடை ஒன்றுண்டு. நூலகங்கள் பல, தாளட்டையைக் களைந்து, துணியும் கெட்டியட்டையும் கொண்டு நூலைக் கட்டடம் செய்கின்றன. நூல் வாழ்கிறது, அது யாரை நோக்கி வெளிவந்தது என்பதற்கான சான்று கட்டடக்காரர் கழிவுக் கூடைக்குச் செல்கிறது. காலணா நூலும் பல்கலைக்கழகப் பதிப்பும் ஒரே கருந்துணி போர்த்து அடுத்தடுத்து நிற்கின்றன. மூலபாடத்தை மட்டும் நூலெனக் கொள்ளும் நம் பயிற்சியே இவ்விழப்புக்குக் காரணம். களைந்த அட்டையை உள்ளே ஒட்டிவைக்க ஒரு துளிப் பசையே வேண்டும்.

விலக்காக விளங்கியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கை தொடங்கிய அவர், நூல்களோடு துண்டுத்தாள், அழைப்பிதழ், நாடக அறிவிப்பு முதலியவற்றையும் பொறுக்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் பெற்றுச் சென்னையிலேயே நூலகமாக்கியது. நூற்புறத்தே நின்றவற்றையும் நூலோடு ஒப்ப மதித்தவர் புலவரல்லர், எழுத்தை வண்ணத்தால் தீட்டிப் பழகிய ஒருவர்.