பலகையில் பிறக்கும் பூக்கடைசல்

கடைசல் பட்டறையில் மரம் வேகமாகச் சுழலும், உளி ஒரே இடத்தில் நின்று அதைச் செதுக்கும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கட்டில் காலும் தொட்டில் கம்பும் இப்படித்தான் உருவாகின்றன. இந்த முறையில் கடைந்த எதையும் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வட்டம்தான் தெரியும். அலங்காரக் கடைசலில் இந்த உறவு தலைகீழாகிறது. மரம் அசையாமல் நிற்கும், அல்லது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று மட்டும் நகரும். சுழல்வது விரல் நுனி அளவுள்ள ஒரு வெட்டும் அலகு. அதனால் மரத்தில் இதழ்கள், அலைகள், கூடை முடைந்தது போன்ற பின்னல்கள் எல்லாம் வருகின்றன. பார்த்தவர்கள் இதற்குப் பெரும் விலையுள்ள இரும்பு இயந்திரம் வேண்டும் என்றே நினைப்பார்கள். உண்மையில் இதை வீட்டில், தச்சுப் பலகையைக் கொண்டே கட்ட முடியும். அதைச் சிக்கனத்துக்காகச் செய்யும் சமாளிப்பு என்று கருதுவது தவறு. இந்த வேலையின் இயற்பியலே அதற்கு இடம் தருகிறது.

இந்தக் கலையின் வரலாறு எதிர்த் திசையில் பேசுகிறது என்பது மெய்தான். 1701இல் பிரான்சின் லியோன் நகரில் கடைசல் கலை பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஷார்ல் புளூமியே ஒரு துறவி, தாவரவியலாளரும்கூட. நம் கோயில் முற்றங்களில் நிற்கும் ஈழத்தலரிக்குத் தாவரவியல் வைத்த ‘புளூமேரியா’ என்ற பெயர் அவரை நினைத்து வைத்ததே. ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் தாமே கடைசல் வேலை செய்தவர். அவருக்காக ஆந்திரேய் நார்த்தோவ் அமைத்த இயந்திரங்கள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த ஹோல்ட்சாஃபல் 1795இல் தம் முதல் கடைசல் இயந்திரத்தை விற்றார். அந்தக் குடும்ப நிறுவனம் நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 2,500 இயந்திரங்களைச் செய்தது. 1843இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக அவர்கள் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் மூலநூல். வாங்கியவர்கள் பிரபுக்களும் செல்வந்தர்களும். ஆனால் அவர்கள் கொடுத்த பணம் தலைமுறைகள் தாண்டி உழைக்கும் இரும்புக்கும் பித்தளைக்கும், மாற்றிப் பொருத்தத்தக்க எண்ணற்ற துணைக்கருவிகளுக்கும் போயிற்று. மரத்தில் விழும் பூவுக்கு அத்தனையும் தேவையில்லை.

ஏன் தேவையில்லை என்பதை ‘ரோஸ் எஞ்சின்’ என்ற வகையை வைத்துப் பார்க்கலாம். இதில் மரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டிலில், ஓரம் அலையலையாக வெட்டிய ஒரு சக்கரம் கோத்திருக்கும். அதைப் பூச்சக்கரம் என்போம். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் அடியில் கீல் போட்டது போல முன்னும் பின்னும் ஆடக்கூடியது. அசையாமல் நிற்கும் ஒரு தொடுமுனையின் மேல் பூச்சக்கரத்தை ஒரு சுருள்வில் அழுத்திப் பிடிக்கிறது. சக்கரம் திரும்பத் திரும்ப, அதன் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப ஹெட்ஸ்டாக்கும் மரமும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தையே அலகு மரத்தில் பதிக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பூச்சக்கரத்தில் 24 அலைகள், ஆட்டம் இருபுறமும் 1 மி.மீ., ஆடும் பகுதியின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கடைசலைப் போல நிமிடத்துக்கு 500 சுற்று ஓட்டினால் ஹெட்ஸ்டாக் நொடிக்கு 200 முறை ஆட வேண்டும். அதைச் சக்கரத்தோடு ஒட்டிவைக்க ஏறத்தாழ 1.6 டன் எடைக்கு நிகரான விசை வேண்டும். இரும்புக்கே அது பெரும் சுமை. அதே இயந்திரத்தை நிமிடத்துக்கு 2 சுற்று என்று ஓட்டினால் தேவைப்படும் விசை வெறும் 26 கிராம் எடைக்குச் சமம். ஆட்டத்துக்கான விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் 250 மடங்கு குறையும்போது விசை 62,500 மடங்கு குறைந்துவிடுகிறது. கைப்பிடியால் மெல்லச் சுற்றும் ஓர் இயந்திரத்தின் உடம்பு ஏன் பலகையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

வெட்டும் விசையும் அப்படியே. 60 மி.மீ. விட்டமுள்ள மரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று நகர்கிறது, ஒற்றைப் பல் அலகு 5,000 சுற்று சுழல்கிறது என்றால், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் மரம் நகரும் தூரம் 0.04 மி.மீ. கூட இல்லை. தலைமுடியைவிட மெல்லிய சீவல் அது. உளியால் ஒரே இழுப்பில் உரிக்கும்போது மரமும் கருவியும் அதிர்வது போல இங்கே எதுவும் அதிராது. 2007இல் அமெரிக்க மரக்கடைசல் இதழ் ஒன்றில், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையாலான ரோஸ் எஞ்சினுக்கான வரைபடம் வந்ததும், பல நாடுகளில் அதைப் பார்த்து இயந்திரம் கட்டியதும் இந்த அடிப்படையில்தான் சாத்தியமாயின.

“விசை குறைவு சரி, துல்லியம் எங்கிருந்து வரும்?” என்பது நியாயமான கேள்வி. இதழ்களுக்கு இடையிலான தூரம் சற்றே பிசகினாலும் கண் உடனே பிடித்துவிடும். விடை இன்டெக்ஸ் பிளேட்டில் இருக்கிறது. ஸ்பிண்டிலைச் சமபங்குகளாகத் திருப்பி நிறுத்தும், வட்டமாகத் துளையிட்ட தட்டு இது. 96 துளை என்பது பழைய கைவினைஞர்கள் விரும்பிய எண். 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48 என எதனாலும் மீதியின்றி வகுபடும். நூறு கைக்கு எளிது, ஆனால் அதை மூன்றாகக்கூடப் பங்கிட முடியாது. ஐந்திதழ்ப் பூ வேண்டுமானால் 120 துளையுள்ள இன்னொரு வட்டம் போட வேண்டும். இதை வீட்டில் செய்ய நேர்த்தியான பழைய வழி உண்டு. காகிதப் பட்டையில் எஃகு அளவுகோலை வைத்து 10 மி.மீ.க்கு ஒன்றாக 96 குறிகள் இட்டால் நீளம் 960 மி.மீ. அந்தப் பட்டை சரியாகச் சுற்றி முட்டும்படி, சுமார் 305.6 மி.மீ. விட்டத்துக்கு ஒரு தட்டைக் கடைந்து, பட்டையை ஓரத்தில் ஒட்டித் துளையிட வேண்டும். கவராயத்தால் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாண்டிக் குறித்தால், ஒவ்வொரு தாண்டலிலும் 0.1 மி.மீ. பிசகு கூடி, முடிவில் 9.6 மி.மீ., அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் பங்கே காணாமல் போகும். பட்டை முறையில் ஒவ்வொரு குறியும் தனித்தனியே அளந்தது, பிழை சேராது. துளை ஒன்று 0.2 மி.மீ. தள்ளிப் போனாலும், 30 மி.மீ. ஆரமுள்ள டப்பாவின் மேல் அது 0.04 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பெரிய தட்டு, சிறிய பொருள்: வீட்டுக் கைக்குக் கிடைக்கும் துல்லியம் இந்த விகிதத்தில் ஒளிந்திருக்கிறது.

பலகை ஈரம் குடிக்குமே, மழைக்காலத்தில் உப்பாதா என்ற அடுத்த ஆட்சேபம் முக்கியமானது, பாதி உண்மையும்கூட. தேக்குப் பலகையில் தட்டு செய்தால் அது இழைக்குக் குறுக்கே அதிகமும் இழையோட்டத்தில் மிகக் குறைவாகவும் விரியும். வட்டம் நீள்வட்டமாகும், கோணங்கள் கெடும். எம்.டி.எஃப்.பில் இழையோட்டம் இல்லை. அது பரப்பில் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் விரிவதால் துளைகளுக்கு இடையிலான கோணம் மாறாது. இந்த ஒரு வேலைக்கு மலிவுப் பலகை தேக்கைவிட உயர்ந்தது. அதன் குறை வேறு இடத்தில்: துளைகள் விரைவில் தேய்ந்து அகலும், ஓரங்கள் நீரை உறிஞ்சும். துளையில் செருகும் ஊசியின் நுனியைக் கூம்பாக்குவதும் ஓரங்களில் வார்னிஷ் பூசுவதும் இதைப் பெரும்பாலும் தீர்க்கும். பலகையை அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. சமரசமே கூடாத இடம் பேரிங். ஸ்பிண்டிலில் இம்மியும் ஆட்டம் இருக்கக்கூடாது, அலகின் மையம் ஸ்பிண்டிலின் மைய உயரத்திலேயே நிற்க வேண்டும். இவற்றில் பணத்தையும் பொறுமையையும் கொட்டுவதே அறிவு. மற்றதெல்லாம் பலகையாகவே இருக்கட்டும்.

கணினி இயக்கும் ரவுட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பகைமையான பதில் தேவையில்லை. இன்டெக்ஸ் பிளேட்டுக்குப் பதிலாக, ஒரு சுற்றில் 200 படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாரை 72 பல் வார்ம் கியரோடு பூட்டினால் ஒரு சுற்றுக்கு 14,400 படிகள் கிடைக்கும். ஏழு இதழ் போன்ற தொல்லை பிடித்த எண்ணுக்கும் ஒவ்வொரு நிறுத்தத்தின் பிழை அரைப்படியை, அதாவது ஒரு பாகையில் எண்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. பலரும் அப்படிச் செய்கிறார்கள், நன்றாகவே வருகிறது. ஆனால் பூச்சக்கரம் கையில் இருக்கும்போது வடிவம் ஏன் அப்படி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தொடுமுனையின் உருண்டை பெரிதானால் அது குறுகிய பள்ளத்துக்குள் இறங்காது, இதழ்களுக்கு நடுவே கூர்மையான மடிப்பு விழும். ஒவ்வொரு வரிசைக்கும் சக்கரத்தை அரை அலை திருப்பினால் வாற்கோதுமை மணிகளை அடுக்கியது போன்ற பின்னல் வரும். பழைய கைக்கடிகார முகப்புகளிலும், 1840இல் பிரிட்டன் வெளியிட்ட முதல் அஞ்சல்தலையின் பின்னணியிலும் உள்ள நுண்பின்னல்கள் இதே குடும்பத்து இயந்திரங்கள் போட்டவை. எத்தனை அலை, எவ்வளவு திருப்பம், எந்த ஆழம் என்பது தெரியாதவர் அதைப் போலி செய்யத் திணற வேண்டும் என்பதே அங்கே அதன் பயன்.

வீட்டில் கட்டிய இயந்திரம் ஏமாற்றம் தருகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் பலகையில் இருக்காது, அலகில் இருக்கும். சாதாரணக் கடைசலில் உப்புத்தாள் போட்டு மரத்தை வழவழப்பாக்கிவிடலாம். இங்கே உப்புத்தாள் பட்டால் இதழ்களின் கூர்முனை மழுங்கிப் போகும், மெருகு வெட்டிலேயே பிறந்தாக வேண்டும். அதற்கு அலகின் சாய்ந்த முகங்களைத் தீட்டினால் போதாது, கண்ணாடி போல மெருகேற்ற வேண்டும். மரமும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் தந்தத்தை இதற்காகவே தேடினார்கள். அந்த வழி மூடப்பட்டது நல்லது. நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கருமரம் நீரில் மூழ்கும் அளவு அடர்த்தியானது, நுண்ணிய அலையையும் உதிராமல் தாங்கும். தேக்கின் பெரிய துளைகளில் அதே அலை நைந்துவிடும். முதல் பூவைத் தேக்கில் போட்டுப் பார்த்து இயந்திரத்தைக் குறை சொல்வதைவிட, அடர்ந்த மரத்தின் ஒரு சிறு துண்டில், மெருகேற்றிய அலகால், நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பது நியாயமான சோதனை.