தந்தைவழிக் குருதி சொல்வதும் சொல்லாததும்

கனடாவில் வந்திறங்கிய எம்மவரிற் பலர் முதலில் தடுமாறிய இடம், குடிவரவுப் படிவத்திலிருந்த 'குடும்பப் பெயர்' என்னும் கட்டமாகும். எமக்கு அப்படியொன்று இருந்ததில்லை. தந்தையின் பெயரை எழுதினோம். அதனால் இன்று மிசிசாகாப் பாடசாலைகளிற் பயிலும் எமது பிள்ளைகள் பலர், தாம் கண்டிராத பாட்டனின் பெயரைச் சுமந்து திரிகின்றனர். "அவருக்கு முன் யார்?" என்று அவர்கள் வினவும்போது பெற்றோரிடம் விடையில்லை. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இடப்பெயர்வுகளில் அழிந்துபோயின.

இந்த வெற்றிடத்தை நிரப்புவதாகக் கூறியே, உமிழ்நீரைச் சிறு குழாயிலிட்டு அனுப்பினாற் பூர்வீகம் அறியலாம் என்னும் விளம்பரங்கள் வருகின்றன. அப்பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நாம் தெளிந்துகொள்ளல் வேண்டும். அகதி அந்தஸ்துக் கோரி நிற்போருக்கு இத்தெளிவு இன்னும் அவசியமாகும்.

மாறாத இழை

மனித உடலின் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றுள் ஆண்களுக்கே உரிய 'வை' நிறமூர்த்தம், தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றிச் செல்கின்றது. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் எப்போதாவது விடும் எழுத்துப்பிழைபோல, அதிற் சிறு விகாரம் நேர்வதுண்டு. அவ்விகாரத்தை அவனது ஆண்வழிச் சந்ததியார் அனைவரும் சுமப்பர். இத்தகைய அடையாளங்களை ஒப்பிட்டே ஆய்வாளர்கள் மக்கட் கூட்டங்களின் பழைய பாதைகளைத் தேடுகின்றனர்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பகுதியில் 'எம்130' என்னும் அடையாளத்தைக் கண்டறிந்தனர். அவுஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படும் அடையாளம் அது. ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டு ஆசியாவின் தென்கரையோரமாகச் சென்ற ஆதிமனிதரின் சுவடு இதுவென அவர்கள் கருதினர்.

2012ஆம் ஆண்டு பிச்சப்பன் உள்ளிட்ட குழுவினர் மற்றுமோர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 ஏனைய சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆடவரின் மாதிரிகள் அதிற் பரிசோதிக்கப்பட்டன. இச்சமூகங்கள் பெரும்பாலும் ஒரே தொன்மையான தந்தைவழிகளையே வெவ்வேறு விகிதங்களிற் பகிர்ந்துகொள்வதும், அவற்றின் பிரிவுகள் சாதியமைப்புக்கு முற்பட்டவை என்பதும் அதன் முடிவுகள். சாதிப் பெருமைக்கு ஆய்வுகூடத்திற் சான்று தேடுவோருக்கு இதில் ஆறுதல் இல்லை.

முதுசமும் சீதனமும்

இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்த்தல் நன்று. பத்துத் தலைமுறை பின்னோக்கினால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. 'வை' நிறமூர்த்தம் அவற்றுள் ஒரேயொருவரின் கதையையே கூறும். எஞ்சிய 1,023 பேரைப் பற்றி அது மௌனம் சாதிக்கும். பெண்களிடம் அந்நிறமூர்த்தமே இல்லை.

பழைய தேசவழமைப்படி தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும் தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. முதுச உறுதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தின் முழு ஆதனத்தையும் எவரும் மதிப்பிட்டதில்லை. குருதியின் கதையும் அவ்வாறே.

முழு மரபணுத் தொகுதியையும் நோக்கும் ஆய்வுகள் இதனாலேயே முக்கியமாகின்றன. 2008இல் ஆரம்பித்து 2015இல் நிறைவெய்திய 'ஆயிரம் மரபணுத்தொகுதிகள்' திட்டம் 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரை ஆராய்ந்தது. அக்கூட்டங்களுள் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, சிங்களவர் மரபணு அளவில் இலங்கைத் தமிழருக்கு மிக நெருங்கியவர் என்று காட்டியது. இதைக் கண்டு எம்மவர் துணுக்குறவும் வேண்டாம், பூரிக்கவும் வேண்டாம். ஓரினத்தின் உரிமை அது பேசும் மொழியிலும் வாழ்ந்த மண்ணிலும் பட்ட அனுபவத்திலும் வேரூன்றியது. மரபணு அதை வழங்கவுமில்லை, பறிக்கவும் இயலாது.

அகதிக்கு நேரக்கூடிய ஆபத்து

இவ்வேறுபாடு மறக்கப்பட்டால் விளைவது என்ன? 2009இல் பிரித்தானிய எல்லை முகவரகம், சோமாலியர் எனக் கூறித் தஞ்சம் கோரியோரின் நாட்டை மரபணுவாலும், தலைமயிர், நகம் ஆகியவற்றின் பகுப்பாய்வாலும் கண்டறியும் பரீட்சார்த்தத் திட்டமொன்றைத் தொடங்கியது. மரபணு அடையாள முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸ் உட்பட அறிவியலாளர்கள் அதைக் கண்டித்தனர். நாட்டின் எல்லை குருதியில் வரையப்படுவதில்லை என்பதே அவர்களது வாதத்தின் சாரம். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. எனினும் நாடுகடத்தப்படவிருப்போரின் தேசத்தை அறிய மரபணுப் பரிசோதனையையும் வம்சாவழி இணையத்தளங்களையும் பயன்படுத்தியதாகக் கனடாவின் எல்லைச் சேவைகள் முகவரகம் 2018இல் ஒப்புக்கொண்டது.

உறவை நிரூபிக்கும் பரிசோதனை வேறு. ஆவணங்களை இழந்த தந்தையொருவர் பிள்ளையைக் கனடாவுக்கு அழைக்கையில், இருவரின் மாதிரிகளையும் ஒப்பிடும் சோதனை உறுதியான விடை தரும். இறுதி வழியாகக் குடிவரவுத் திணைக்களமும் அதனை ஏற்கின்றது. 'இவர் இவரின் மகனா?' என்ற கேள்விக்கு மரபணு விடை கூறும். 'இவர் எந்த நாட்டவர்?' என்ற கேள்விக்குக் கூறாது. வழக்கு நிலுவையிலுள்ளோர் பொழுதுபோக்காகப் பூர்வீகப் பரிசோதனை செய்யுமுன் தமது சட்டத்தரணியை வினவுதல் நலம்.

நாம் குடியிருக்கும் இந்நகரே ஒரு பாடம் புகட்டுகின்றது. மிசிசாகா என்பது இம்மண்ணின் பழங்குடியினரின் பெயர். கனடாவின் 'இந்தியர் சட்டம்' தந்தைவழியையே கணக்கிட்டது. பழங்குடி அந்தஸ்தில்லாத ஒருவரை மணந்த பழங்குடிப் பெண், 1985ஆம் ஆண்டுத் திருத்தம் வரை தன் அந்தஸ்தையே இழந்தாள்; அவள் பிள்ளைகளும் இழந்தனர். ஒரு வழியை மட்டும் எண்ணிய சட்டம் எத்தனை குடும்பங்களைப் பிரித்தது!

ஆதலால், குழாயை அஞ்சலிற் சேர்க்குமுன் வீட்டிலுள்ள முதியோரின் அருகில் அமருங்கள். அம்மம்மாவின் தாயார் பெயரென்ன, எவ்வூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், எக்கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவற்றை எந்த ஆய்வுகூடமும் அறியாது. சொல்வதற்கு அவர்கள் இருக்கும் காலம் குறுகியது.