மணிக்கு 1,655 கி.மீ. வேகத்தில் சுழலும் நெல்லை: நமக்கு ஏன் அது தெரிவதில்லை?

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டீ சொல்லிவிட்டு நிற்கிறீர்கள். குடித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. அதற்குள் நீங்கள், டீக்கடை, கொஞ்ச தூரத்தில் ஓடும் தாமிரபரணி எல்லாம் சேர்ந்து கிழக்குப் பக்கமாகச் சுமார் 138 கி.மீ. நகர்ந்தாயிற்று. கிளாஸிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"பூமி சுத்துதுன்னு சொல்லுதாவளே, நமக்கு ஒண்ணும் தெரியலயே?" என்று யாராவது கேட்டால், அது நியாயமான சந்தேகம்தான்.

எவ்வளவு வேகம்?

பூமி சுழலும் வேகம் பூமத்திய ரேகையில்தான் அதிகம்: மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. துருவங்களை நோக்கிப் போகப் போகக் குறையும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கும் நெல்லையில் இது சுமார் 1,655 கி.மீ.; சென்னையில் சுமார் 1,630 கி.மீ. ஆக, இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களைவிட நெல்லைக்காரர்கள் வேகம்!

ரயிலில் இருக்கிறது பதில்

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்திருப்பவருக்கு ரயிலின் வேகம் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் தடதடப்பும், வளைவில் வரும் சாய்வும், பிரேக் போடும்போது வரும் உந்தலும்தான். நம் உடம்பும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் வேகத்தை உணர்வதில்லை. வேகமோ திசையோ மாறினால்தான் உணரும்.

பூமிக்கு ஸ்டேஷனும் இல்லை, பிரேக்கும் இல்லை. காற்று மண்டலமும் கூடவே சுழல்வதால், முகத்தில் காற்று அடிப்பதும் இல்லை.

ராட்டினத்தில் மட்டும் தலை சுற்றுதே?

வட்டமாகச் சுற்றும்போது திசை மாறிக்கொண்டே இருக்கும், உண்மைதான். ராட்டினம் சில நொடிகளில் ஒரு சுற்று முடிக்கிறது. பூமிக்கோ ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 24 மணி நேரம். கடிகாரத்தின் சின்ன முள்கூட இதைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது.

இந்தச் சுழற்சியால் நம் எடையும் லேசாகக் குறைகிறது. பூமி சுழலாமல் நின்றிருந்தால் 60 கிலோ காட்டும் எடை மெஷின், நெல்லையில் சுமார் 200 கிராம் குறைவாகக் காட்டும். அதை உடம்பு கவனிப்பதில்லை.

அப்படியென்றால் ஆதாரம்?

1851-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ, பாரிஸில் நீளமான கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். நேரம் போகப் போக, அது ஆடும் திசை மெல்லத் திரும்பியது. கீழே தரை திரும்புவதுதான் காரணம். டெல்லியில் உள்ள புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் அப்படியொரு ஊசல் இருக்கிறது. அங்கே அது ஒரு சுற்றுத் திரும்பச் சுமார் 50 மணி நேரம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்த நேரம் கூடும். நெல்லையில் தொங்கவிட்டால் ஆறரை நாள் ஆகும்.

இஸ்ரோவுக்கு இலவச வேகம்

நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்கே சோதித்துப் பார்க்கப்படும் இன்ஜின்கள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகளில் பறக்கின்றன. கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட், தரையில் நிற்கும்போதே பூமியின் சுழற்சியால் நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம்.

டீக்கடையில் நமக்குத் தெரியாத அதே வேகம், அங்கே கணக்கில் வரவாகிறது.